எல்லாம் ஓகே அக்கா

தண்டலம்,
வெள்ளிக்கிழமை.

பிரியமுள்ள இசக்கிசெல்விக்கு,

ஷாலின் எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவளுக்கென்ன கடுதாசி என்று நீ சிரிப்பாய். சிரி. மாசமாக இருப்பவள் சிரித்தால் நல்லதுதான். உன் வளைகாப்புக்குத் தளவாய் அண்ணன் ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் வளையலைக் கொடுத்துவிடுகிறேன், அதோடு நாலு வரியும் எழுதுவோமே என்று தோன்றியது.

என்னால் ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஆரோனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அவனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தால் உன் அம்மாவே என்னை வைவார்கள். பெரியவர்கள் போட்டு முடித்ததும் முதல் வளையல் நான்தான் போட வேண்டும், தலைச்சன் பிள்ளையை நல்லபடியாகப் பெற்ற கை என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கைதான் வர முடியவில்லை. வளையலாவது வரட்டும்.

குன்றத்தூர் மலையடிவாரக் கடையில் நானே நின்று பொறுக்கி எடுத்தேன். பச்சை ஒரு டஜன், சிவப்பு ஒரு டஜன். கம்பெனியில் வளையல் கூடாது, மோதிரம் கூடாது என்று மணிக்கட்டில் ஸ்டாட்டிக் கரண்டுக்கென்று அந்தக் கறுப்புப் பட்டையை மட்டும் மாட்டி நம்மை வெறுங்கையோடு நிறுத்தி வைத்திருந்தார்களே, அதற்கெல்லாம் சேர்த்து இப்போது முழங்கை வரைக்கும் அடுக்கிக்கொள். தெரு முழுக்கச் சத்தம் கேட்க நட.

இங்கே எல்லோரும் சுகம். ரிச்சர்டுக்கு ஒரகடத்தில் இந்த வாரம் நைட் ஷிப்ட். அத்தை என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார். பூண்டு வறுத்துப் போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, ஒரு துரும்பைத் தூக்க விடுவதில்லை. ஆரோன் என் கைக்கு வந்தால்தான் அழுகையை நிறுத்துகிறான். எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் ஓகே.

உன்னையும் வயிற்றில் இருப்பதையும் ஆண்டவர் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் ஹாஸ்டல் கட்டில் பங்காளி,
ஷாலின்


தண்டலம்,
திங்கட்கிழமை.

செல்விக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. உன் அம்மா பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி.

வளைகாப்பு முடிந்த அன்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "ஏட்டி, வர மனசில்லேன்னா இல்லேன்னு சொல்லிரணும். ஒன் வீட்டுக்காரர் ஸ்டேட்டஸ்ல பிள்ள சிரிச்சிக்கிட்டுல்லா கெடக்கு. காய்ச்சலாம் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு நீ பேச்சையே நிறுத்திவிட்டாய். இரண்டு வாரம் ஆகிறது. நீ கோபித்தது சரிதான். ரிச்சர்ட் ஸ்டேட்டஸ் வைப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காய்ச்சல் இல்லை. நன்றாக இருந்த பிள்ளைக்கு என் வாயாலேயே காய்ச்சல் வரவழைத்தேன். எழுதி ஒட்டிக் கொடுத்த பிறகு, பலித்துவிடுமோ என்று பயந்து அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையலையும் நான் எடுக்கவில்லை. ரிச்சர்ட் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்தார். நான் அப்போது கடைக்குப் போகிற நிலையில் இல்லை. தலை வாரியே எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சிக்கு விழுந்து, சீப்பு உள்ளேயே போகாது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஒரு ஹால், ஒரு அடுப்படி உள்ள வீடு இது. நான் பேசுவது அத்தைக்குக் கேட்கும், அவர் பேசுவது எனக்குக் கேட்கும். ஆனால் காரணம் அதுவும் இல்லை. உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாக "ஓகேட்டி, நல்லா இருக்கேன்" என்கிறது. நான் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாலும் சொல்லிவிடுகிறது. முதல் கடிதத்தில் பேனாவும் அதையே செய்துவிட்டது. இன்றைக்குப் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

செல்வி, எனக்கு ஆரோன் மேல் பாசம் வரவில்லை.

எழுதிவிட்டேன். எழுதியதும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன், அவ்வளவு வெட்கம். இந்த வரியை ரிச்சர்டிடம்கூட நான் இப்படி நேராகச் சொன்னதில்லை. பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன், தூங்க வைக்கிறேன். யாரோ ஒருத்தி, கொஞ்சம் பார்த்துக்கோ, இதோ வந்துவிடுகிறேன் என்று கையில் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி இருக்கிறான். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து வாங்கிக்கொள்வாள் என்று வாசலையே பார்க்கிறேன். ஒருத்தியும் வருவதில்லை.

பெற்ற பிறகு வந்தது என்று நினைக்காதே. உன்னைப் போல ஏழாம் மாசத்தில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த புதிது. காலையில் கம்பெனி பஸ் சத்தம் கேட்டால் காரணமில்லாமல் அழுகை வரும். குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வாயும் வயிறுமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும், பெற்றதும் பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் பறந்துவிடும் என்றார்கள். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பறக்கவில்லை. அம்மா இருந்த முப்பது நாளும் அம்மாவுக்காகச் சிரித்தேன். அப்பாவுக்கு அங்கே சோறு பொங்க ஆள் இல்லாமல் அம்மா ஊருக்குப் போன பிறகு, அதற்கும் தேவை இல்லாமல் போயிற்று.

அப்புறம் தூக்கம் போயிற்று. பிள்ளை தூங்குவான், அத்தை தூங்குவார், நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நான் இல்லாவிட்டால் ரிச்சர்ட் வேறு ஒரு நல்ல பெண்ணைக் கட்டுவார், ஆரோனுக்கும் கொஞ்சத் தெரிந்த அம்மா கிடைப்பாள் என்று கணக்குப் போடுவேன். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகச் சொன்னால் போக மாட்டேன் என்று நிற்கிறேன். மருமகளுக்கு உடம்பு வணங்கவில்லை என்கிறார் அத்தை. சோம்பேறித்தனம் இல்லை, பயம், செல்வி.

அப்படிப்பட்ட கையால் உனக்கு முதல் வளையல் போடச் சொன்னாய். அதனால்தான் வரவில்லை. என் பீடை உன்னைப் பிடித்துவிடுமோ என்று பயந்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பீடை கீடை எல்லாம் நம்பாதவள் என்று உன்னிடமே எத்தனை தரம் வாதாடியிருக்கிறேன்! என் முறை வந்ததும் நம்பிவிட்டேன்.

நம் ஆடிட் நாள் ஞாபகம் இருக்கிறதா? முதல் நாளே சூப்பர்வைசர் நம்மை வரிசையாக நிறுத்திப் பாடம் சொல்லிக் கொடுப்பார். வெளியிலிருந்து வருகிறவர்கள் என்ன கேட்டாலும் ஓகே சார் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் வருகிறதா, ஓகே சார். பிரேக் கிடைக்கிறதா, ஓகே சார். நான்தான் அதில் முதல் மார்க். நீதான் மானத்தை வாங்கினாய். ஷூ வசதியாக இருக்கிறதா என்று ஆடிட்டுக்கு வந்த அம்மா கேட்டதற்கு, "எங்க மேடம், சுண்டுவெரலு பிஞ்சி போச்சி" என்று அங்கேயே ஷூவைக் கழற்றிக் காட்டினாய். லைன் மொத்தமும் உன்னைத் திட்டியது. நானும்தான் திட்டினேன். அடுத்த மாசம் எல்லோருக்கும் புது ஷூ வந்தது, ஒருத்தியும் உன்னிடம் வந்து நன்றி சொல்லவில்லை.

அதை எதற்கு இழுக்கிறேன் என்றால், என் பிழைப்பு இப்போது சிரிப்பாய்ச் சிரித்தது அந்தப் பாடத்தால்தான்.

வளைகாப்புக்கு அடுத்த புதன்கிழமை ஆரோனுக்குத் தடுப்பூசி. ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள் அல்லவா, அந்த பெஞ்சில் பத்துப் பேர் பிள்ளையும் கையுமாக இருந்தோம். அத்தை ஆரோனை மடியில் வைத்திருந்தார். இசைவாணி என்று ஒரு நர்ஸ் அக்கா, பஞ்சை மடித்துக்கொண்டே ஒவ்வொருத்தியையும் விசாரித்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. தூக்கம் வருதா? ஓகே அக்கா. சாப்பாடு எறங்குதா? ஓகே அக்கா. பால் இருக்கா? ஓகே அக்கா. வூட்ல எதுனா பிரச்சன கீதா? ஓகே அக்கா. அவர் கேட்கிறார், என் வாய் சொல்கிறது. நான் எங்கேயோ இருந்தேன். சில நேரம் செத்துட்டா தேவலன்னு தோணுதா என்று கேட்டார். ஓகே அக்கா என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாம்மா, சாவுறதுக்கும் ஓகேவா?" என்றார். பெஞ்சே சிரித்தது. அத்தைகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். இல்லை அக்கா, வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் முடிந்திருக்கும். அந்த "இல்லை" வரவே இல்லை, செல்வி. சிரித்துக்கொண்டே இருந்தேன், நிறுத்த முடியவில்லை, பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன். மூக்கு ஒழுகுகிறது, துடைக்கக் கை எழவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருத்தராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த பெண் தன் பிள்ளையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

அக்கா என்னை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ரிச்சர்டுக்கு அவரே போன் பண்ணினார். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

மனநலப் பிரிவு என்று போர்டு போட்டிருந்தது. அந்தப் போர்டு கண்ணில் பட்டதும் ரிச்சர்ட் கழுத்தில் தொங்கிய கம்பெனி ஐடி கார்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். டூட்டி முடிந்து நேராக வந்திருந்தார் பாவம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எந்த வாயால் கேட்பேன்? ஹாஸ்டல் பிள்ளைகள் யாராவது வந்துவிடுவார்களோ என்று நானே துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் எதையோ திருடிவிட்டு வந்தவர்கள் மாதிரி ஓரத்துப் பெஞ்சில் ஒண்டியிருந்தோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வயிற்றில் இருக்கும்போதும் பெற்ற பிறகும் நிறையப் பெண்களுக்கு வருகிற நோய் இது, திமிரும் இல்லை, பாவமும் இல்லை, சரியாகும் என்றார். தாய்ப்பால் கொடுப்பதற்குத் தகுந்த மாத்திரையாகத் தந்திருக்கிறேன், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். என்னைத் தனியாக விடக் கூடாது என்று ரிச்சர்டிடம் இரண்டு தடவை சொன்னார். வருகிற வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

மாத்திரை வாங்கும் இடத்தில் ரிச்சர்டின் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் எதிரில் வந்து என்ன விஷயம் என்றார். வீட்டில் அவளுக்குத் தைராய்டு என்று இவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தைராய்டு. எதிர் வீட்டு சந்திரம்மாள் தினமும் வந்து முட்டைக்கோஸ் சாப்பிடாதே, முள்ளங்கி சாப்பிடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறார். நானும் தலையை ஆட்டுகிறேன். இல்லாத நோய்க்கு இவ்வளவு கரிசனம் கிடைக்கிறது பார்.

அத்தையைக் கெட்டவர் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ராத்திரியிலிருந்து எனக்கும் கதவுக்கும் நடுவில் பாயைப் போட்டுப் படுக்கிறார். நான் புரண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பகலில்தான் வாய். வூட்டு மானம் போவுது, கோயில்ல தெர்ஞ்சா இன்னா பேசுவாங்க, ஜெபம் பண்ணா போவாத வியாதியா என்று ஓடும். நேற்று ஆரோன் துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எனக்குந்தான் ரிச்சர்டு பொறந்தப்ப அப்டி இருந்திச்சி. கெணத்தாண்ட தண்ணி எடுக்கப் போவவே பயம். நான் யார்கிட்டயாவது சொன்னனா?" என்றார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த மனுஷி முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இப்போது வியாழக்கிழமைக்கு எனக்குப் பாடம் நடக்கிறது. டாக்டர் கேட்டால் எல்லாம் சரியாய்ட்ச்சினு சொல்டு, தின்ன மாத்திர போதும், இதோட வுட்டுடலாம் என்கிறார் அத்தை. ரிச்சர்டும் பக்கத்தில் நின்று தலையைச் சொறிகிறார். உனக்கு எது சரின்னு படுதோ என்று இழுக்கிறார். என்னைத் தெரியும் அல்லவா உனக்கு? சொல்லிக் கொடுத்ததைச் சொல்வதில் நான் முதல் மார்க். அங்கே போய் உட்கார்ந்ததும் என் வாய் ஓகே டாக்டர் என்றுதான் சொல்லப் போகிறது. சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஐடி கார்டு வெளியே வந்துவிடும், தைராய்டும் தீர்ந்துவிடும். மாடிப்படி மட்டும் அங்கேயே இருக்கும்.

எனக்கு அப்படிச் சொல்ல ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எந்த நேரத்தில் எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மாத்திரையில் கொஞ்சம் தூக்கம் வருகிறது. பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் இனி உனக்குப் பொய் எழுத மாட்டேன். நேற்றுச் சாயந்திரம் பால் குடிக்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டான். எப்போதும் பிடிப்பதுதான். நேற்று அது என் விரல் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் இன்றைய தேதிக்கு என்னிடம் இருப்பது.

உனக்கும் இப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. வரவே வேண்டாம். வந்தால், யாராவது உன்னைக் கேட்டால், ஷூவைக் கழற்றிக் காட்டினாயே, அப்படிக் காட்டிவிடு. சுற்றி இருப்பவர்கள் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். கோபத்தை விட்டுவிட்டு தினமும் ஒரு போன் பண்ணு. எப்படி இருக்கே என்று மட்டும் கேட்காதே. கேட்டால் ஓகே என்று சொல்லிவிடுவேன். லைன் முடியும் நேரத்தில் ஆகாத பீஸுக்கு எல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோமே, இன்னைக்கு எத்தனை என்ஜி என்று, அதைக் கேள். இசைவாணி அக்கா கேட்டாரே, அந்த நினைப்பு அன்றைக்கு எத்தனை தடவை வந்ததோ அந்த எண்ணைச் சொல்வேன். அத்தை பக்கத்தில் இருந்தாலும் பழைய கம்பெனிக் கதை என்று நினைத்துக்கொள்வார். எண்ணில் எனக்குப் பொய் சொல்ல வராது, அது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால் கட்டாயம் கேள். உன்னிடம் சொன்ன எண்ணை வாயில் வைத்துக்கொண்டே போய் டாக்டரிடம் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

கண்ணாடி வளையல், படி ஏறும்போது கையைச் சுவரில் இடித்துக்கொள்ளாதே. அது உன் கையில் குலுங்கிக்கொண்டே இருக்க நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். இசக்கியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், என் பங்குக்கு நான் ஆண்டவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்ததும் முதலில் எனக்குச் சொல்.

இன்றைக்கு நான்கு.

நீ போன் பண்ணும்போது நான் எண்ணைச் சொல்லாமல் ஓகே என்று சொன்னால், போனை வைத்துவிடாதே செல்வி.

உன்,
ஷாலின்